ஓட்டை வேறு, வால்வு வேறு

என் அக்கா மகளுக்கு 9 மாதத்தில் தடுப்பூசி போடப் போனபோது, டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். "ஒரு சத்தம் கேட்குதும்மா, எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்க" என்றார். மறுநாள் காலைக்குள் உறவு முழுக்கச் செய்தி போய்விட்டது: "குழந்தைக்கு இதயத்துல ஓட்டையாம்." எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஓட்டை எதுவும் இல்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னதும் பேச்சு அடுத்த இடத்துக்குத் தாவியது: "அப்போ அடைப்பு. ஸ்டென்ட் வைக்கணும்." பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அதைத்தான் வைத்திருந்தார்கள்.

சொன்னவர்கள் எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு வாரம் என் அக்கா பட்ட பாட்டில் பாதி, சொற்கள் குழம்பியதால் வந்தது. டாக்டர் "இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், 6 மாதம் கழித்து வாருங்கள்" என்றபோது அவளுக்கு அது புரியவே இல்லை. ஓட்டை என்றால் அடைக்க வேண்டாமா? அடைப்பு என்றால் உடனே எடுக்க வேண்டாமா? அவளைப் போல எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டை, அடைப்பு, வால்வு

இதயத்தை நாலு அறை கொண்ட ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரில் துளை இருந்தால் அதுதான் "ஓட்டை".

வீட்டுச் சுவருக்குள்ளேயே மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. இதயத் தசைக்குத் தேவையான ரத்தத்தைக் கொண்டுவருபவை அவை. பெரியவர்களுக்கு அந்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைபடுவதைத்தான் ஊரில் "அடைப்பு" என்கிறோம். மாரடைப்பும் ஸ்டென்ட்டும் அந்தக் கதையைச் சேர்ந்தவை.

வால்வு என்பது கதவு. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஒன்று, கீழறையிலிருந்து வெளியே போகும் பெரிய குழாயின் வாயில் ஒன்று. இப்படி வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, மொத்தம் நான்கு. குழந்தை பிறக்கும்போதே இந்தக் கதவுகளில் ஏதாவது ஒன்று சரியாக அமையாமல் இருந்தால் அதுதான் பிறவி இதய வால்வுக் குறை. சுவரில் துளையும் கதவில் கோளாறும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் அவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள், வைத்தியமும் தனித்தனி.

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு

வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிணற்று மோட்டார் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். மோட்டார் இழுக்கும்போது திறந்து தண்ணீரை மேலே விடும். நின்றதும் மூடிக்கொண்டு, ஏறிய தண்ணீரைக் கீழே போகவிடாமல் பிடித்துவைக்கும். சைக்கிள் டியூபின் வால்வும் அப்படித்தான்: காற்று உள்ளே போகும், வெளியே வராது. ஒரு திசையில் விடுவதும் மறு திசையில் தடுப்பதும்தான் வால்வின் முழு வேலை.

இதய வால்வை யாரும் திறந்து மூடுவதில்லை. கண்ணாடித் தாள் போல மெல்லிய இரண்டு அல்லது மூன்று இதழ்கள்தான் அது. பின்னாலிருந்து ரத்தம் தள்ளினால் இதழ்கள் விலகும். முன்னாலிருந்து ரத்தம் திரும்பி வர முயன்றால், அந்த ரத்தமே இதழ்களைத் தள்ளி ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை இது நடக்கிறது. நெஞ்சில் காதை வைத்தால் "லப்-டப்" என்று கேட்கிறதே, அது வால்வுகள் மூடும்போது எழும் சத்தம். மேலறை கீழறைக்கு நடுவிலுள்ள இரண்டும் மூடும்போது "லப்". வெளிவாசல் இரண்டும் மூடும்போது "டப்".

நான்கின் பெயர்களையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ரிப்போர்ட் படிக்க உதவும். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது டிரைகஸ்பிட், பள்ளிப் புத்தகத்து மூவிதழ் வால்வு. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வாசலில் பல்மனரி. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மைட்ரல், அதாவது ஈரிதழ் வால்வு. இடது கீழறையிலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கிளம்பும் வாசலில் அயோர்டிக்.

கதவு கெடுவது இரண்டே விதம்

ஒரு கதவு சரியாகத் திறக்காமல் போகலாம், அல்லது சரியாக மூடாமல் போகலாம். வால்வுக்கும் அவ்வளவுதான்.

திறக்காவிட்டால் அது சுருக்கம். ரிப்போர்ட்டில் ஸ்டெனோசிஸ் என்று இருக்கும். இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோ தடித்துப்போயோ இருப்பதால் ரத்தம் போக ஒரு சின்னச் சந்துதான் கிடைக்கும். கேட் வால்வைப் பாதி மூடிவைத்துவிட்டு மோட்டாரை ஓட்டுவது போல, பின்னாலிருக்கும் அறை முக்கித் தள்ள வேண்டியிருக்கும். மூட்டை தூக்குபவர் தோள் இறுகுவதைப் போல அந்த அறையின் தசையும் தடித்துக்கொண்டே போகும். கைத்தசை தடித்தால் பலம்தான். இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்தால் விறைத்துப் போய், நிதானமாக விரிந்து ரத்தத்தை வாங்க முடியாமல் திணறும்.

மூடாவிட்டால் அது கசிவு. ரிப்போர்ட்டில் ரீகர்ஜிடேஷன் என்று இருக்கும். ஃபுட் வால்வு கசிந்தால் ஒவ்வொரு முறையும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குழாயை நிரப்ப வேண்டியிருக்குமே, அந்த வீண் உழைப்புதான் இங்கேயும். அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். அடுத்த துடிப்பில் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அறை மெல்ல மெல்ல விரிந்து பெரிதாகும். ரொம்ப நாள் இழுபட்ட எலாஸ்டிக் போல, ஒரு கட்டத்துக்கு மேல் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது.

இதுவரை சொன்னதில் இரண்டு விஷயங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். வால்வுக் குறை என்றால் சுருக்கம், கசிவு, அல்லது இரண்டும் சேர்ந்தது. வால்வைவிட, அதற்குப் பின்னால் உழைக்கும் தசை எப்படி இருக்கிறது என்பதைத்தான் டாக்டர்கள் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறார்கள். "6 மாதம் கழித்து வாருங்கள்" என்பதன் பொருள் இந்த இரண்டாவது விஷயத்தில் இருக்கிறது.

கருவில் என்ன நடக்கிறது

கரு உருவாகி 3 வாரம் கழிந்ததுமே ஒரு சின்னக் குழாய் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் குழாய் வளைந்து, மடங்கி, அறைகளாகப் பிரிந்து, ஏறத்தாழ 8 வாரத்துக்குள் இதயத்தின் வடிவம் பெரும்பாலும் முடிந்துவிடும். வால்வுகள் முதலில் ஜெல்லி போன்ற மெத்தையான திட்டுகளாகத்தான் தோன்றுகின்றன. பிறகு அவை செதுக்கியது போல மெலிந்து இதழ்களாகின்றன. செதுக்கல் பாதியில் நின்றால் இதழ் தடிப்பாக இருக்கும். இரண்டு இதழ்கள் பிரியாமல் போனால் ஒட்டியே இருக்கும். இதழே உருவாகாமல் வாசல் சுவராக மூடிப்போனால், அதற்கு அட்ரீசியா என்று பெயர்.

இந்தக் கால அளவை அம்மாக்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சந்தேகம் வந்து, டெஸ்ட் எடுத்து, வீட்டில் சொல்வதற்குள் இதயத்தின் பெரும்பகுதி வேலை நடந்துகொண்டிருக்கும். ஆகவே 5 மாதத்தில் பப்பாளி சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, மாடிப்படி ஏறியதாலோ இது வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்ட ஒன்றும் இருக்காது. சிலருக்கு மரபணுவில் காரணம் இருக்கும்: டர்னர் நிலை உள்ள பெண் குழந்தைகளுக்கு அயோர்டிக் வால்வில், நூனன் நிலை உள்ளவர்களுக்குப் பல்மனரி வால்வில் குறை வருவது அதிகம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கட்டுப்படாத சர்க்கரை, ருபெல்லா அம்மை, சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை பொதுவாகப் பிறவி இதயக் குறைகளின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ரத்த உறவில் திருமணமும் ஓரளவு கூட்டுகிறது. (வலிப்பு மாத்திரையைப் பயந்துபோய்த் தானாக நிறுத்திவிடாதீர்கள். கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசினால் மாற்று மருந்து கிடைக்கும்.) இவை வாய்ப்பைக் கூட்டும் விஷயங்கள். எந்த ஒரு தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆதாரங்கள் ஆகா.

அடிக்கடி காணப்படும் சில

இரண்டு இதழ் அயோர்டிக் வால்வு. மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் அமைந்திருக்கும். 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது உண்டு, ஆண்களுக்கு அதிகம். பிறவி இதயக் குறைகளில் இதுவே மிகப் பரவலானது. பலர் 40, 50 வயது வரை தெரியாமலே வாழ்கிறார்கள். பின்னால் அதில் சுண்ணாம்பு படிந்து சுருங்கலாம், அல்லது கசியலாம். சிலருக்கு வால்வுக்கு மேலே, உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியே விரிந்துகொண்டு போகும், அது தனியாகக் கவனிக்க வேண்டியது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறை எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது. நெருங்கிய ரத்த சொந்தத்தில் சுமார் 10 பேரில் ஒருவருக்கும் அது இருக்கிறது.

பல்மனரி வால்வுச் சுருக்கம். என் அக்கா மகளுக்கு இருந்தது இதுதான். லேசாக இருந்தால் ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமலே போய்விடும். கடுமையாக இருந்தாலும் நல்ல வைத்தியம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எப்ஸ்டைன் குறை. டிரைகஸ்பிட் வால்வின் இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். 1866-இல் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற ஜெர்மன் மருத்துவர் முதலில் விவரித்தார். அரிதானது.

ஃபாலோ நாற்கூட்டு. நான்கு குறைகள் கூடி வரும் இதில் பல்மனரி வாசல் சுருக்கமும் சுவர் ஓட்டையும் சேர்ந்தே இருக்கும். ஓட்டையும் வால்வும் ஒரே குழந்தைக்கு வரும் என்று சொன்னேனே, அதற்குச் சரியான உதாரணம் இது. அழும்போது உதடும் நகமும் நீலம் பாயும் குழந்தைகளில் பலர் இந்த வகை.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் "வால்வு கெட்டுப்போச்சு" என்று வரும் இளைஞர்கள் பலருக்கு அது பிறவிக் குறையே இல்லை. 5 முதல் 15 வயதுக்குள் ஒருவகைக் கிருமியால் தொண்டை வலி வந்து, அதைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் என்ற மூட்டு வலிக் காய்ச்சல் வந்து, அது வால்வைத் தின்றிருக்கும். அவர்களுக்குத்தான் 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு அந்த ஊசி தேவையில்லை. ருமாட்டிக் பாதிப்பு உள்ளவர் "என்னோடது பிறவியாம்" என்று நினைத்து ஊசியை நிறுத்தினால் வால்வு இன்னும் கெடும்.

பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை, 3-ஆம் நாள் ஏன்?

வயிற்றுக்குள் குழந்தை மூச்சுவிடுவதில்லை. ஆக்சிஜன் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. அதனால் நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. நுரையீரல் குழாயையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குறுக்குப் பாதை வழியாக ரத்தம் சுற்றிப் போய்விடும். டக்டஸ் என்று அதற்குப் பெயர். ஒரு வால்வு முழுக்க மூடியிருந்தாலும் இந்தக் குறுக்குப் பாதை இருக்கும்வரை குழந்தைக்குத் தெரியாது.

பிறந்த பிறகு இரண்டு மூன்று நாளில் டக்டஸ் தானாக மூடிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அது நல்லது. ஆனால் வால்வு கடுமையாகச் சுருங்கிய குழந்தைக்கு, இருந்த ஒரே மாற்று வழியும் அடைபட்டுவிடும். அதனால்தான் மருத்துவமனையிலிருந்து நன்றாக வீட்டுக்கு வந்த குழந்தை திடீரென்று பால் குடிக்காமல், சோர்ந்து, நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும். அப்படிப்பட்ட குழந்தை வந்ததும் டாக்டர்கள் முதலில் கொடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து. மூடும் குறுக்குப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் மருந்து அது. குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அது நேரம் வாங்கித் தரும்.

இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டுவார்கள். 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ மறுபடி பார்ப்பார்கள், தேவையென்றால் எக்கோ. 5 நிமிட வேலை, வலியில்லை. உங்கள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் செய்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி

பிறக்கும் முன்பே பார்க்க வழி உண்டு. கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதயத்தின் நாலு அறைகளும் வாசல்களும் ஓரளவு தெரியும். சந்தேகம் வந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது பிறவிக் குறை இருந்தாலோ, தாய்க்குச் சர்க்கரை இருந்தாலோ கருவின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ செய்வார்கள். லேசான வால்வுக் குறைகள் இதில் தப்பிவிடலாம். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாங்களே" என்று பிறகு ஸ்கேன் பார்த்தவரைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த பிறகு முதல் சாட்சி பெற்றோர்தான். பால் குடிக்கும்போது நெற்றியில் முத்து முத்தாக வியர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துவது, எடை ஏறாமல் இருப்பது, அடிக்கடி சளி பிடிப்பது, ஓடி விளையாடும் வயதில் சீக்கிரம் களைத்து உட்காருவது. இவற்றில் எதுவுமே இல்லாமலும் வால்வுக் குறை இருக்கலாம். ஓடும்போது மயங்கி விழுந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் ஸ்டெதஸ்கோப். ரத்தம் குறுகலான இடத்தில் பீறிட்டுப் போகும்போது எழும் கூடுதல் சத்தத்தை மர்மர் என்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும், கல் இடுக்கில் சலசலக்கும், அதுபோல. ஆனால் மர்மர் கேட்டாலே நோய் இல்லை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கும், காய்ச்சலிலோ சோகையிலோ இருக்கும்போது இன்னும் அதிகமாக, மர்மர் கேட்கும். பழகிய காதுக்கு இரண்டையும் பெரும்பாலும் பிரித்துச் சொல்லத் தெரியும். தெரியாதபோது எக்கோ.

எக்கோ ஒரு ஸ்கேன்தான். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியிலிருந்து படம் வரைகிறது. ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்தில் 1953-இல் இங்கெ எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதைத் தொடங்கினார்கள். கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைக் கடன் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எட்லருக்கு அப்போதிருந்த கவலையே வால்வுதான்: ஆபரேஷனுக்கு வரும் நோயாளியின் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்பதை நெஞ்சைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்ற கவலை. எக்கோ என்ற கருவியே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

எக்கோவில் ஒரு எண் வரும், அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும் இல்லையா? எவ்வளவு இறுக்கமாக மூடுகிறோமோ அவ்வளவு வேகம். அதே போல, சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் என்ன வேகத்தில் பீறிடுகிறது என்பதை எக்கோ அளக்கிறது. வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, இன்னொரு முறை 4-ஆல் பெருக்கினால் வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். இதற்கு கிரேடியன்ட் என்று பெயர். நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் 2×2×4, அதாவது 16. 4 மீட்டர் என்றால் 4×4×4, அதாவது 64. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. பல்மனரி வால்வில் பொதுவாக 36-க்குக் கீழே இருந்தால் லேசானது, 64-க்கு மேல் போனால் கடுமையானது. என் அக்கா மகளுக்கு முதல் எக்கோவில் 30. அந்த ஒரு எண்ணுக்காகவே டாக்டர் 6 மாதம் காத்திருக்கச் சொன்னார்.

இ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் துணைக்கு. பெருந்தமனி விரிவு, கசிவின் அளவு போன்றவற்றைத் துல்லியமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க மட்டும் காலில் டியூப் விட்டுப் பார்ப்பது இப்போது குறைந்துவிட்டது.

காத்திருப்பதும் வைத்தியம்தான்

எனக்கு இதில் அழுத்திச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான். வால்வுக் குறைக்கு "கண்டுபிடித்ததும் சரிசெய்" என்ற அவசரம் பல நேரம் பொருந்தாது. குழந்தையின் இதயம் வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று வைக்கும் வால்வு நாளை அளவு பத்தாமல் போகும், சின்ன வயசுச் சட்டை மாதிரி. ஒவ்வொரு ஆபரேஷனையும் எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது. ஆனால் தசை கெட்டுப்போகும் அளவுக்குத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நேரத்தைப் பிடிப்பதற்காகத்தான் ஒவ்வொரு 6 மாதமும், ஒவ்வொரு வருடமும் எக்கோ. "குழந்தை நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் போகணும்" என்று அந்தத் தேதியை விடுகிறவர்கள், வைத்தியத்தையே விடுகிறார்கள்.

மாத்திரை ஒட்டிய இதழைப் பிரிக்காது, கசியும் வால்வை மூடாது. உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றி, இதயத்தின் சுமையைக் குறைத்து, நாள் வாங்கித் தரும். அந்த எதிர்பார்ப்போடு கொடுத்தால் நல்ல மருந்து.

பலூன்

1982-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜீன் கான் என்ற குழந்தைகள் இதய மருத்துவரும் அவர் குழுவினரும், நெஞ்சைத் திறக்காமல் ஒரு குழந்தையின் பல்மனரி வால்வைப் பலூனால் திறந்ததை வெளியிட்டார்கள். இன்றும் பல்மனரி சுருக்கத்துக்கு அதுவே முதல் வைத்தியம். தொடையின் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூபை இதயம்வரை கொண்டுபோய், அதன் நுனியில் சுருட்டி வைத்த பலூனை வால்வுக்கு நடுவில் நிறுத்தி, சில நொடிகள் ஊதி, உடனே சுருக்கிவிடுவார்கள். ஒட்டியிருந்த இதழ்கள் ஒட்டிய கோட்டிலேயே கிழிந்து பிரியும். பலூன் வெளியே வந்துவிடும், உள்ளே எதையும் வைப்பதில்லை. ஸ்டென்ட் என்று பயந்தவர்களுக்கு இதுதான் பதில். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அயோர்டிக் வால்வுக்கும் பலூன் உண்டு. ஆனால் அங்கே அழுத்தம் அதிகம், கசிவு உண்டாகும் வாய்ப்பும் அதிகம். அங்கே பலூன், ஆபரேஷனைச் சில வருடங்கள் தள்ளிப்போடும் வழியாகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா

ஆபரேஷன் தேவைப்படும்போது அறுவை மருத்துவர்களின் முதல் விருப்பம் குழந்தையின் சொந்த வால்வையே சரிசெய்வதுதான். ஒட்டியதைப் பிரித்து, கிழிந்ததைத் தைத்து, விரிந்த வளையத்தை இறுக்கி. எப்ஸ்டைன் குறைக்கு பிரேசில் மருத்துவர் ஜோசே பெட்ரோ ட சில்வா உருவாக்கிய கூம்பு முறை இதற்கு அழகான உதாரணம்: சுவரோடு ஒட்டிக் கிடக்கும் இதழ்களை உரித்தெடுத்து, கூம்பு போலச் சுற்றித் தைத்து, சரியான இடத்தில் உட்கார வைப்பார்கள். சொந்தத் திசு என்பதால் குழந்தையோடு வளரும்.

முடியாதபோது மாற்று வால்வு. அதில் இரண்டு வகை. ஒன்று உலோகம், கார்பன் போன்ற பொருள்களால் செய்யும் இயந்திர வால்வு. நம் பக்கத்து திருவனந்தபுரத்தில், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு இந்த வகைதான். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வை வாங்க முடியாத ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வு கொடுத்தது அது. இயந்திர வால்வு பல்லாண்டு உழைக்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். இன்னொன்று மாடு அல்லது பன்றியின் திசுவால் செய்த வால்வு. அதற்குப் பொதுவாக அந்த ஆயுள்கால மாத்திரை தேவைப்படாது, ஆனால் குழந்தைகளின் உடம்பில் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு புத்திசாலித்தனமான வழியை 1967-இல் லண்டனில் டொனால்ட் ராஸ் கொண்டுவந்தார். குழந்தையின் சொந்த பல்மனரி வால்வை எடுத்து, கெட்டுப்போன அயோர்டிக் வால்வின் இடத்தில் வைப்பார்கள். அழுத்தம் குறைந்த பல்மனரி இடத்துக்குத் தானமாக வந்த வால்வு. முக்கியமான வாசலில் இருப்பது சொந்த வால்வு என்பதால் வளரும், மாத்திரையும் வேண்டாம். ஆனால் ஒரு வால்வு நோயை இரண்டு வால்வுப் பிரச்சினையாக்குகிறோம் என்பதும் உண்மை. பல்மனரி இடத்து வால்வைப் பின்னால் மாற்ற வேண்டிவரும். அந்த மாற்றத்துக்கும் இன்று பல நேரம் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. 2000-இல் பிலிப் போன்ஹாஃபர் பாரிஸில் ஒரு 12 வயதுச் சிறுவனுக்கு டியூப் வழியாகவே பல்மனரி இடத்தில் வால்வு வைத்துக் காட்டியதிலிருந்து அது சாத்தியமாகிவிட்டது.

ஆக வரிசை இப்படி: முதலில் கண்காணிப்பு, பிறகு முடிந்தால் பலூன், அடுத்து பழுதுபார்ப்பு, கடைசியாக மாற்றம். எந்த வால்வு, எந்த வயது, தசையின் நிலை என்ன என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும்.

வீட்டுக்கு வந்த பிறகு

உறையாமை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதன் அளவு அது. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும். அதற்காக முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். புதிதாக எந்த மாத்திரை, நாட்டு மருந்து எடுத்தாலும் முதலில் இதய டாக்டரைக் கேட்க வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கு வால்வு தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு கேள்வியும் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது. "இவளுக்குப் பின்னால குழந்தை பெத்துக்கணும்னா?" என்று கேட்கப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதாக இருந்தாலும், கேட்க வேண்டிய கேள்வி அது.

பல்லைக் கவனிக்க வேண்டும். சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி, கெட்டுப்போன வால்வில் போய்க் கூடு கட்டக்கூடும். செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ள வேண்டும். லேசான குறை உள்ளவர்களுக்கு அது தேவையில்லை, இரண்டு வேளை பல் துலக்கினால் போதும்.

விளையாட்டை எல்லோருக்கும் தடை செய்யாதீர்கள். லேசான சுருக்கம் உள்ள குழந்தை கபடி ஆடலாம், நீச்சல் அடிக்கலாம். கடுமையான அயோர்டிக் சுருக்கம் போன்றவை உள்ளவர்களுக்குத்தான் கட்டுப்பாடு. பயத்தில் திண்ணையிலேயே உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்ததற்குக் காரணம் வால்வு இல்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து 18 வயது வரை பரிசோதிக்கிறார்கள். பிறவி இதயக் குறை அவர்கள் தேடும் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டிலும் குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் வருகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பகட்ட இடையீட்டு மையத்தில் முதலில் விசாரியுங்கள்.

அக்கா மகளுக்கு 4 வயதில் கிரேடியன்ட் 60-ஐத் தாண்டியது, பலூன் செய்தார்கள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பலூன் பிரித்த வால்வில் லேசான கசிவு இருக்கிறது, பல வருடம் கழித்து அது கூடினாலும் கூடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் இந்த வயதில்தான் நிறையப் பேர் செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். போன மாதம் அவள் முதல் முறையாகத் தனியாகப் போனாள். 9 மாதத்தில் எடுத்த எக்கோவிலிருந்து எல்லா ரிப்போர்ட்டும் அடுக்கிய அக்காவின் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு. புது டாக்டர் "என்ன பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறார். "பல்மனரி வால்வு, 4 வயசுல பலூன், இப்போ கொஞ்சம் கசிவு" என்று இவளே சொன்னாளாம்.